வெள்ளைக்காரர் என்ன சொன்னார்?

பத்திரிகையில் சப்-எடிட்டராக இருப்பவனை மொழிபெயர்க்க விடக்கூடாது. அடுத்தவர் சொன்னதை அப்படியே விட்டுவைக்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. ‘ஒருவேளை’ என்ற சொல்லைக் கண்டால் அவன் பேனா துடிக்கும். ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்று நிருபர் எழுதியிருந்தால், எதிர்பார்ப்பது யார் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடித்துவிடுவான். நிருபர் தயங்கித் தயங்கி எழுதியது, காலையில் வாசகர் கைக்குப் போகும்போது, உலகத்தில் யாருக்கும் எதிலும் சந்தேகமே இல்லை என்பதுபோல் இருக்கும். இதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

எண்பதுகளின் கடைசியில் எனக்கும் இதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். துபாயில் ஓர் ஆங்கில நாளிதழ். அதில் வணிகப் பக்கம் என் பொறுப்பு. உலகம் முழுக்க வட்டி ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. லண்டனில் ஏறியது, நியூயார்க்கில் ஏறியது, டொரண்டோவில் எல்லோரையும் மிஞ்சிக்கொண்டு ஏறியது. டெலிபிரிண்டர் அவற்றை எல்லாம் நீளநீளமாகத் துப்பும். நான் கிழித்து, வெட்டி, தலைப்புப் போடுவேன். ‘வட்டி மீண்டும் உயர்வு’ என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதமாகவும் சொல்லியிருக்கிறேன். ஏன் ஏறுகிறது என்று யாராவது கேட்டால் மட்டும் பக்கத்து மேசைக்காரரைப் பார்ப்பேன். (அவர் விளையாட்டுப் பக்கம்.)

ஆனால் இந்த விவரம் அலுவலகத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அஜ்மானில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் நான்தான் வட்டி நிபுணர். மாடிப்படியில் நிறுத்திக் கேட்பார்கள். நானும் பதில் சொல்வேன்.

என்னிடம் அதிகம் கேட்டவள் என் மனைவி ஜெயராணி. அவள் ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கல்யாணத்துக்கு முன்பே வந்தவள். என்னைவிட அதிகம் சம்பாதித்தாள், என்னைவிட மிக அதிகம் சேர்த்தாள். அந்தச் சேமிப்பு முழுவதும் சாதாரண சேமிப்புக் கணக்கில், வட்டி என்று சொல்லவே கூச்சப்படும் ஒரு வட்டிக்கு, சும்மா கிடந்தது. அது அங்கே கிடந்ததற்குக் காரணம் நான்.

அவள் பார்த்தது பெரும்பாலும் நைட் டியூட்டி. நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டுக்கு வருவாள். அஜ்மானில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு சூடானிய டாக்டரின் கிளினிக் இருந்தது. பகல் டியூட்டி மட்டும். சம்பளம் குறைவு. ஜெயராணி கணக்குப் போட்டு வைத்திருந்தாள்: சேமிப்பை நல்ல வட்டிக்குக் கட்டிப் போட்டால், மாதாமாதம் வருகிற வட்டி அந்தச் சம்பளக் குறைவை ஈடுகட்டிவிடும், நைட் டியூட்டியை விட்டுவிடலாம். டாக்டரும் அவளுக்காக இடத்தை நிறுத்தி வைத்திருந்தார்.

“இப்பம் போட்டா மாட்டிக்கிடுவோம்” என்றேன் நான். “இன்னும் ஏறும். உச்சிக்குப் போனதும் போடுவோம்.”

“உச்சி எப்பம் வரும்?”

“வரும்போது தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“நாந்தானே பேப்பர்ல போடுதேன்.”

என் கெட்ட காலம், வட்டி உண்மையிலேயே ஏறியது. நான் சொன்னது பலித்துவிட்டது. பேப்பரைக் கொண்டுவந்து அவளிடம் காட்டினேன். அப்படியானால் இப்போது போடலாமா என்று கேட்டாள். ஏறிக்கொண்டிருக்கும்போது எவனாவது போடுவானா என்று கேட்டேன். அடுத்த மாதமும் ஏறியது. மறுபடியும் பேப்பரைக் காட்டினேன். இப்படி ஒரு வருடம் என் தீர்க்கதரிசனம் தவறாமல் பலித்துக்கொண்டே இருந்தது. அவளும் தவறாமல் நைட் டியூட்டிக்குப் போய்க்கொண்டே இருந்தாள். கடைசியில் அந்த டாக்டர், இந்த மாதக் கடைசிவரைதான் பார்ப்பேன், அப்புறம் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லியனுப்பினார்.

அந்த மாதத்தில்தான் ராஜநாயகம் அண்ணை என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார்.

ராஜநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர், ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் தலைமைக் கணக்காளர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றாதவர். அவருடைய தம்பி டொரண்டோவில் இருந்தார். அங்கே ஒரு முதலீட்டு நிறுவனத்தைச் சேர்ந்த டக்ளஸ் என்பவர், வளைகுடாவில் வேலை பார்க்கும் கனடாக்காரர்களை ஊர் ஊராகச் சந்தித்து ஆலோசனை சொல்ல வந்திருந்தார். அப்படியே நம் ஆட்களுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை ஒதுக்க வேண்டும் என்று தம்பி மூலமாக அவரை மடக்கியிருந்தார் ராஜநாயகம். ‘எங்கட ஆக்களும் கனடிய முதலீட்டாளர்தான், இன்னும் கனடாவுக்குப் போகேல்லை, அவ்வளவுதான்’ என்று எழுதினாராம். இந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு டக்ளஸ் மரியாதையானவர்.

“தம்பி, அந்தாள் இங்கிலீசிலதான் கதைக்கும்” என்றார் ராஜநாயகம். “காம்பிலயிருந்தும் ஆக்கள் வருவினம். அவைக்கு நீர்தான் தமிழில சொல்லோணும். உமக்குத்தானே வட்டியும் தெரியும், தமிழும் தெரியும்.”

இரண்டில் ஒன்று உண்மை என்பதால் ஒப்புக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை, ஷார்ஜாவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடையின் மாடி. குடும்பத்தோடு வருபவர்களுக்கான தடுப்புகளை எல்லாம் அகற்றி நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசைகளில் யாழ்ப்பாணத்து அலுவலகக்காரர்கள், பின்னால் தொழிலாளர் காம்பிலிருந்து வந்த ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கொத்தனார்களும் கம்பி கட்டுபவர்களும், சுவரோரமாக இலங்கை மலையகத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்த பெண்கள் சிலர். நான்காவது வரிசையில் ஜெயராணி. அவளை வீட்டில் தூங்கச் சொல்லியிருந்தேன். ஒரு வெள்ளைக்காரர் வட்டியைப் பற்றிப் பேசப்போகிறார் என்றால் தனக்கு எப்படித் தூக்கம் வரும் என்று கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

டக்ளஸ் உயரமான, சிவந்த, சாந்தமான மனிதர். கையில் அச்சடித்த தாள்கள் வைத்திருந்தார். வட்டி ஏறும் காலத்தில் தனி முதலீட்டாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் என்று தலைப்பு. வட்டி ஏறினால் என் கடன் பத்திரத்தின் விலை ஏன் இறங்குகிறது, இப்போதே நீண்ட காலத்துக்குப் போடலாமா, காத்திருக்கலாமா, பணத்துக்கு யார் உத்தரவாதம், வட்டி இன்னும் ஏறுமா. கனடாவில் எந்த ஊருக்குப் போனாலும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், ஆகவே இவற்றையே வரிசையாகப் பார்த்துவிடுவோம் என்றார்.

நான் எழுந்து நின்று, கனடாவில் எல்லோரும் இவரிடம்தான் கேட்டுவிட்டு முதலீடு செய்கிறார்கள் என்று மொழிபெயர்த்தேன். கை தட்டினார்கள். டக்ளஸுக்கு ஆச்சரியம், அந்த வாக்கியத்துக்கு அவருக்கு யாரும் அதுவரை கை தட்டியதில்லை போலும்.

என் தொழில்புத்தி அங்கே ஆரம்பித்தது. அந்த மனிதர் பேசியதில் பாதி ‘பொதுவாக’, மீதி ‘சொல்ல முடியாது’, இடையிடையே ‘உங்கள் சூழ்நிலையைப் பொறுத்தது’. இதை எல்லாம் நான் விட்டுவைப்பேனா? வெட்டினேன். அவர் தயங்கிய இடத்தில் நான் தயங்கவில்லை. அவர் ஒரு நிமிடம் பேசினால் நான் மூன்று நிமிடம் பேசினேன். முன்வரிசைக்காரர்கள் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்கள். இவர்களுக்கு எல்லாம் ஆங்கிலம் சரியாகத் தெரியாது பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடன் பத்திரத்தின் விலைக்கு வந்தார். சாப்பாட்டுக்கடையின் கரும்பலகையைத் திருப்பி, ‘இன்றைய ஸ்பெஷல்’ என்ற எழுத்துக்குக் கீழே குழந்தைகள் விளையாடும் ஏற்றப் பலகை ஒன்றை வரைந்தார். ஒரு நுனியில் வட்டி, மறு நுனியில் விலை. இது ஏறினால் அது இறங்கும். நான் அதை அப்படியே சொன்னேன். அன்று நான் எதையும் மாற்றாமல் சொன்ன முதல் விஷயம் அது, யாருக்கும் புரியவில்லை.

முருகையா எழுந்தார். பரமக்குடிப் பக்கத்துக் கொத்தனார், கட்டுமஸ்தான ஆள், காம்பில் எல்லோரும் அவர் சொல்லைக் கேட்பார்கள். “அண்ணே, பலகை எதுக்கு இதுல?” என்று கேட்டார்.

பலகையை விட்டுவிட்டேன். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லலாம் என்று ஏலச் சீட்டை எடுத்தேன். மாதாமாதம் எல்லோரும் பணம் போடுகிறோம். முறை வரும்வரை பொறுத்தால் முழுத் தொகை. அவசரம் என்றால் முன்னாலேயே எடுக்கலாம், ஆனால் தள்ளி, அதாவது தொகையைக் குறைத்துக்கொண்டு, எடுக்க வேண்டும். ஊரில் அவசரக்காரர்கள் கூடினால் தள்ளு கூடும். கனடாவிலும் அப்படித்தான், காலத்துக்கு முன்னால் பத்திரத்தைக் காசாக்க வேண்டுமானால் தள்ளித்தான் கொடுக்க வேண்டும், வட்டி ஏறினால் தள்ளும் ஏறும் என்றேன்.

கூடம் ஒரே மூச்சில் விழித்துக்கொண்டது. பின்வரிசைகள் நிமிர்ந்து உட்கார்ந்தன. முன்வரிசையில் ஒருவர், நாங்கள் இதைக் கழிவு என்போம் என்று பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார். டக்ளஸ் தன்னுடைய ஏற்றப் பலகைதான் வேலை செய்கிறது என்று நினைத்து அதற்கு இன்னும் கொஞ்சம் சாக்குக்கட்டி பூசினார். உவமையை அந்த இடத்தில் நான் மூடியிருக்க வேண்டும். இது உதாரணம்தான் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அதை வெட்டியிருந்தேன்.

முருகையா மறுபடி எழுந்தார். “அப்ப மொதச் சீட்டு ஐயாவுக்கா?”

விளக்கம் வேண்டாதவர்கள் மன்னிக்க வேண்டும். சீட்டு நடத்துகிறவர் தள்ளு இல்லாமல் முதல் சீட்டை எடுத்துக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம். டக்ளஸிடம் இதை எப்படிக் கேட்பது? சுருக்கமாக, உங்கள் பணத்தை நீங்கள் முதலில் இதில் போடுவீர்களா என்று அவர் கேட்கிறார் என்றேன். டக்ளஸ் நெஞ்சில் கை வைத்தார். நிச்சயமாக, நானே போடாத எதையும் பிறருக்குச் சொல்லமாட்டேன், முதலில் நான்தான் என்றார்.

“ஆமா, மொதல்ல அவருக்குத்தான்” என்றேன்.

நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். அடுத்தது, வளைகுடாவில் பத்து வருடம் வெயிலில் நின்ற ஒருவர்தான் கேட்கக்கூடிய கேள்வி. முருகையாவே கேட்டார். “சீட்டுப் புடிக்கிறவரு விசா கேன்சலாகிப் போயிட்டா, காசுக்கு யாரு? அவருக்கு யாருண்ணே கஃபீல்?”

அரபு நாட்டில் நம் எல்லோருக்கும் ஒரு கஃபீல் உண்டு. நம்மை வரவழைத்தவர், நமக்குப் பொறுப்பானவர், பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துக்கொள்பவர். டக்ளஸுக்குக் கஃபீல் யார் என்பதை நான், இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்று ஆங்கிலப்படுத்தினேன். டக்ளஸின் தாளிலும் அந்தக் கேள்வி இருந்ததால் அவர் மகிழ்ந்துபோனார். நான் பேசிக்கொண்டிருப்பது அரசுப் பத்திரங்களைப் பற்றி, ஆகவே பொறுப்பு கனடா அரசாங்கம் என்றார்.

“கனடா கவர்மெண்ட்” என்றேன் தமிழில்.

நம் கஃபீல்கள் வண்டிக் கடை வைத்திருந்தார்கள், சிமெண்டு விற்றார்கள். ஒருவருடைய கஃபீலிடம் ஒட்டகம் மட்டுமே இருந்தது. இந்த மனிதருக்கு ஒரு நாடே கஃபீல். பின்வரிசையில் யாரோ என்னைச் சேத்துக்குங்க என்றார். இன்னொருவர் தன் பெயரையும் தம்பி பெயரையும் சொன்னார். முருகையா, இரண்டாவது சீட்டு தனக்கு வேண்டும், தங்கச்சி கல்யாணம் இருக்கிறது, தள்ளு எவ்வளவு ஆனாலும் சரி என்று அறிவித்தார். சுவரோரம் இருந்த ஒரு பெண் அவரைவிட அதிகமாகத் தள்ளினாள். முன்வரிசையிலிருந்து யாழ்ப்பாணத்துக் கழிவு ஒன்று புறப்பட்டது. என்ன நடக்கிறது என்று நான் உணர்வதற்குள் ஏலம் நடந்துகொண்டிருந்தது.

டக்ளஸ் என் பக்கம் குனிந்து, இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

உங்கள் விளக்கம் அருமையாக இருந்தது என்கிறார்கள் என்றேன்.

அவர் எழுந்து தலை குனிந்து நன்றி சொன்னார். அவர் எழுந்து நின்றதை ஏலத்துக்கு ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு முருகையா தள்ளில் இன்னும் ஒரு படி ஏறினார்.

கூட்டத்தை அடக்குவதற்காக, இன்னும் ஒரே ஒரு கேள்விதான் என்று அறிவித்தேன். ராஜநாயகம் கூட்டத் தலைவர் என்ற முறையில், தாளில் இருந்த கடைசிக் கேள்வியை அவரே தமிழில் கேட்டார். வட்டி இன்னும் ஏறுமா?

நான் மொழிபெயர்த்தேன். டக்ளஸ் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு மிகத் தெளிவாக, மிக மெதுவாகச் சொன்னார்: எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியும் என்று ஒருவர் சொன்னால் அவர் ஊகிக்கிறார்.

ஒரு வெள்ளைக்காரரை டொரண்டோவிலிருந்து வரவழைத்து, மாடியை வாடகைக்கு எடுத்து, எல்லோருக்கும் மசால் தோசையும் டீயும் சொல்லியிருக்கும்போது, ‘எனக்குத் தெரியாது’ என்பதை எப்படித் தமிழில் சொல்வது? விருந்தாளிக்கு மரியாதை வேண்டாமா? அதோடு, ஒரு வருடமாக ஒருத்தியிடம் தினமும் தெரியும் என்று சொல்லி வந்தவன் நான். அவள் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

“இன்னும் ஆறு மாசத்துக்குக் கண்டிப்பா ஏறும்னு சொல்றார்” என்றேன். “அவசரப்பட வேண்டாம். உச்சி வரும்போது அவரே சொல்லுவாராம்.”

மொழிபெயர்ப்பு வரலாற்றில் இதைவிடத் தைரியமான வாக்கியம் இருக்கலாம். மூல ஆசிரியர் பக்கத்தில் நின்றுகொண்டு புன்னகை செய்யும்போது சொல்லப்பட்டது வேறு எதுவும் இருக்காது.

நான்காவது வரிசையில் ஜெயராணி எழுந்தாள். நைட் டியூட்டி முடித்த கண்கள். கையை உயர்த்தியிருந்தாள், பள்ளிக்கூடத்தில் உயர்த்துவதுபோல. டாக்டர்களிடமும் அரபு நோயாளிகளிடமும் ராத்திரி முழுக்க ஆங்கிலம் பேசுகிறவள் அவள். அது அந்த நிமிடத்தில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

“ஒரு சந்தேகம்” என்றாள், எல்லோருக்கும் கேட்கிற குரலில். “ஒரு வீட்டுல புருஷன் சொல்லுதார், வட்டி இன்னும் ஏறும், பொறுத்துக்கோன்னு. பெஞ்சாதி ஒரு வருஷமா பொறுத்துக்கிட்டு நைட் டியூட்டி பாக்குதா. அந்த ஒரு வருஷம் வராமப் போன வட்டிய யாரு குடுப்பா? பொறுக்கச் சொன்னவரா? இதை மட்டும் நான் சொன்ன மாதிரியே அவர்ட்ட கேளுங்க.”

கட்டடத்து ஆட்கள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு அந்த வீடு எது என்று தெரியும். அவர்களிடமிருந்து செய்தி பக்கத்து நாற்காலிகளுக்குப் போவதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். டெலிபிரிண்டர் தோற்றுவிடும்.

டக்ளஸ் என்னைப் பார்த்தார். இந்த அம்மையார் முதலீட்டுக்கு ஏற்ற காலம் எது என்று கேட்கிறார் என்றேன். காலம் பார்ப்பது கடினம் என்றார் டக்ளஸ். காலம் பார்ப்பது கடினம் என்று தமிழில் சொன்னேன். பெருமூச்சு விட்டேன்.

“நான் கேட்டது அது இல்லை” என்றாள் ஜெயராணி. பிறகு டக்ளஸைப் பார்த்து நேரடியாக ஆங்கிலத்தில் பேசினாள். டியூட்டி முடிந்து அடுத்த நர்ஸிடம் நோயாளியை ஒப்படைக்கிற ஆங்கிலம் அது. மிகையாக ஒரு சொல் இருக்காது. பணம் எங்கே கிடக்கிறது, எவ்வளவு காலமாக, யார் சொல்லி, என்ன வேலை கைவிட்டுப் போகப்போகிறது, எந்தத் தேதிக்குள்.

டக்ளஸ் கவனமாகக் கேட்டார். உங்கள் கணவர் வங்கியில் இருக்கிறாரா என்று விசாரித்தார்.

இல்லை, பத்திரிகையில் என்றாள்.

ஓ, என்றார் டக்ளஸ். அந்த ‘ஓ’வை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

பிறகு பதில் சொன்னார். காத்திருந்த காலத்தின் வட்டி திரும்பி வராது. எவ்வளவு ஏறினாலும் அதைப் பிடிக்க நெடுநாள் ஆகும். பணத்தைப் பிரித்துப் போடுங்கள், கொஞ்சம் குறுகிய காலத்துக்கு, கொஞ்சம் நீண்ட காலத்துக்கு. ஏறினாலும் இறங்கினாலும் ஒரு பகுதியாவது சரியாக இருக்கும். உச்சி எது என்பது கீழே இறங்கிய பிறகுதான் எல்லோருக்கும் தெரியும். உங்கள் கணவர் நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் இந்த விஷயத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது. சொல்லிவிட்டு என் தோளைத் தொட்டு, தயவுசெய்து மொழிபெயர்த்துவிடுங்கள், மற்றவர்களுக்கும் பயன்படும் என்றார்.

கூடம் காத்திருந்தது. முன்வரிசைக்காரர்கள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் என்னைவிட நன்றாக ஆங்கிலம் தெரியும். மாலை முழுக்க இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை. ‘ஒன்றும் தெரியாது’ என்ற இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன்; யாரோ பின்னாலிருந்து, சொல்லுங்கண்ணே என்று உற்சாகப்படுத்தினார்கள். சொன்னேன்.

முருகையாதான் முதலில் பேசினார். “அப்ப அதுக்கு முந்தி நீங்க சொன்ன சீட்டெல்லாம்?”

அது உதாரணத்துக்குச் சொன்னது என்றேன். எது எல்லாம் உதாரணம் என்று கேட்டார். ஏறக்குறைய எல்லாமே என்றேன்.

டீ வந்துவிட்டது. அதற்கு முன்போ பின்போ எந்த டீயையும் அவ்வளவு நன்றியோடு நான் பார்த்ததில்லை.

டக்ளஸ் மிகுந்த மகிழ்ச்சியோடு விடைபெற்றார். கனடாவில் இந்தப் பேச்சுக்குப் பாதிப்பேர் தூங்குவார்களாம். இவ்வளவு துடிப்பான முதலீட்டாளர்களை அவர் பார்த்ததே இல்லையாம். என் கையைப் பிடித்துக் குலுக்கி, தமிழ் மிக விரிவான மொழிபோலிருக்கிறது என்றார். ஆமாம் என்றேன். ராஜநாயகம் அவரை வண்டிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

“தம்பி, ஒரு டிக்கெட்டில ரெண்டு பேச்சுக் கேட்டனாங்கள்” என்றார். “அந்தாளின்ர பேச்சும் பரவாயில்லை. ஆனா உம்மடதுதான் திறம்.”

“தெரிஞ்சா முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, அண்ணை.”

“எப்பிடிச் சொல்லுறது? அடுத்தது என்ன சொல்லப் போறீர் எண்டு எங்களுக்கும் அறிய ஆசையா இருந்தது.”

அஜ்மானுக்குத் திரும்பும் டாக்சியில் ஜெயராணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டவில்லை. திட்டுவாள் என்று நான் எதிர்பார்த்து ஒன்றிரண்டு பதில்களைத் தயாராக வைத்திருந்தேன், வீணாகிவிட்டது. எங்கள் தெரு முனை வந்தபோது, நாளைக்குக் காலையில் வங்கிக்குப் போவோம் என்றாள்.

“போவோம்” என்றேன்.

“நீங்களும் வாங்க. பேசாம வாங்க.”

போனேன். பேசவில்லை. அவள் பணத்தை டக்ளஸ் சொன்னபடி பிரித்து, கொஞ்சம் சீக்கிரம் முதிர்வது, கொஞ்சம் தாமதமாக முதிர்வது என்று அடுக்கிப் போட்டாள். வங்கி மேலாளர் என்னிடம் ஏதோ அபிப்பிராயம் கேட்டார். ஜெயராணி எனக்குப் பதிலாக, அவருக்கு ஒன்றும் தெரியாது என்றாள். மேலாளர் ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கு அது மேற்கோள் என்று தெரியாதல்லவா.

மாதக் கடைசிக்கு முன்பே கிளினிக்கில் சேர்ந்துவிட்டாள். கனடாவில் வட்டி அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஏறத்தான் செய்தது. ஆகவே நான் சொன்னதும் ஒரு வகையில் சரிதான். (இதைச் சொல்லிப் பார்த்தேன். அப்படியா என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள். ராத்திரியில் தன் வீட்டில் தூங்குகிற வாய்ப்பு ஒரு வருடம் கழித்துக் கிடைத்தவளை எழுப்பி, வட்டி பேச எனக்கும் மனம் வரவில்லை.) பிறகு இறங்க ஆரம்பித்தது. அப்போதுதான் உச்சி எது என்று எல்லோருக்கும் தெரிந்தது. நான் பேப்பரில் போட்டேன்.

அன்றைய கூட்டத்தில் உருப்படியாக நடந்தது இன்னொன்றும் உண்டு. ஏலம் கேட்டவர்கள் கேட்டதோடு விடவில்லை. ராஜநாயகமே சீட்டை நடத்த ஒப்புக்கொண்டார். ‘கனடாச் சீட்டு’ என்று அதற்குப் பெயர் வந்தது. அதில் கனடாக்காரர் யாரும் இல்லை, கஃபீலும் இல்லை. இரண்டாவது சீட்டை முருகையாதான் எடுத்தார். தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தபோது எனக்கு ஒரு பொட்டலம் மிக்சர் கொண்டுவந்து கொடுத்தார். உங்க மொழிபெயர்ப்பு இல்லாட்டி இந்தக் கல்யாணம் நடந்திருக்காதுண்ணே என்றார். பாராட்டா, கேலியா என்று இன்றுவரை நான் தீர்மானிக்கவில்லை. மிக்சர் நன்றாக இருந்தது.

எங்கள் வீட்டில் அந்த மாலை இன்னும் முடியவில்லை. பிள்ளைகள் அஜ்மானில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அரைகுறைத் தமிழில் பேசினாலும், ஒரு வாக்கியத்தை மட்டும் பிசகில்லாமல் பேசக் கற்றுக்கொண்டார்கள். நாளை மழை பெய்யாது, இந்த வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம், இந்த மருந்தே போதும் என்று நான் உறுதியாக எதைச் சொன்னாலும், மகளோ மகனோ நிமிர்ந்து பார்த்து, “அப்பா, வெள்ளைக்காரர் என்ன சொன்னார்?” என்பார்கள்.

மகள் இப்போது இருப்பது டொரண்டோவில். போன மாதம் வீடு வாங்குவது பற்றிப் போனில் பேசினாள். அங்கே மறுபடியும் வட்டி ஏறுகிறதாம். கடனை ஒரே வட்டியில் ஐந்து வருடத்துக்குக் கட்டிவிடுவதா, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதா என்று அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் குழப்பம். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“அப்பா,” என்றாள் மகள், “வெள்ளைக்காரர் என்ன சொன்னார்?”

“தனக்குத் தெரியாதுன்னு சொன்னார்.”

“சரி. போனை அம்மாகிட்ட குடுங்க.”

கொடுத்தேன்.